ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்கள்
தருமபுரி மாவட்டத் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழய்யாக்களுக்கும் தமிழம்மாக்களுக்கும்,



கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் வகுப்பில் ஏதோ ஒரு பிள்ளை, பாடம் நடக்கும்போதே ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் கதை எழுதிக்கொண்டிருக்கும். அதில் வரும் ஆட்கள் அந்தப் பிள்ளை உருவாக்கியவர்களாக இருக்கமாட்டார்கள். டிவியில் பார்த்த டோரேமானும் நோபிட்டாவும் ஒகேனக்கல்லில் பரிசல் ஏறுவார்கள். வந்தியத்தேவன் அரூர் பேருந்து நிலையத்தில் வழி கேட்பான். அந்த நோட்டைப் பிடுங்காதீர்கள். பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றாலும் கிழித்துவிடாதீர்கள். மணி அடித்ததும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, மீதிக் கதை என்ன என்று கேளுங்கள்.

நான் இந்த மாவட்டத்து ஊர்ப்புற நூலகம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், புத்தகம் எடுத்த கையோடு தாங்கள் எழுதியதையும் காட்டுவார்கள். அப்படிக் காட்டிக்கொண்டிருந்த ஒரு மாணவி திடீரென நிறுத்திவிட்டாள். வகுப்பில் நோட்டைக் கிழித்து, “காப்பியடித்த கதைக்கு இவ்வளவு பக்கமா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார்களாம். எந்தப் பள்ளி, யார் என்பதெல்லாம் வேண்டாம். யாரையும் குற்றவாளி ஆக்க இதை எழுதவில்லை. அந்தக் கேள்விக்கு உரிய பதிலை அன்று அவளுக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. அதை இப்போது உங்களிடம் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2-ஆம் தேதி. அடுத்த ஆண்டு, 1966 செப்டம்பர் 8-ஆம் தேதி, அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சி ‘ஸ்டார் டிரெக்’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. எதிர்காலத்தில் மனிதர்கள் ‘எண்டர்பிரைஸ்’ என்ற விண்கலத்தில் உலகம் உலகமாகச் செல்லும் கதை. 1980-களில் நம் தூர்தர்ஷனும் அதைக் காட்டியது. உங்களில் மூத்தவர்கள் சிலர் பார்த்திருக்கலாம். அதில் ஸ்பாக் என்றொரு பாத்திரம். தந்தை வல்கன் என்ற வேற்றுக்கோளைச் சேர்ந்தவர், தாய் பூமியைச் சேர்ந்தவர். அந்தத் தாய் ஓர் ஆசிரியை என்று தொடரிலேயே ஓரிடத்தில் ஸ்பாக் சொல்வார். உணர்ச்சியை வெளியே காட்டுவது வல்கன்களுக்கு இழுக்கு. ஆனால் அவருக்குள் பாதி மனித ரத்தம் ஓடுகிறது. அந்த ஊரில் வீடு எப்படி இருக்கும், அப்பனும் மகனும் என்ன பேசிக்கொள்வார்கள், பேசாமலே இருப்பார்களா, மனிதப் பெண் ஒருத்தி அங்கே போய் எப்படிக் குடித்தனம் நடத்தினாள்? முதல் ஆண்டில் தொடர் இவற்றுக்கு அங்கங்கே ஒரு வரி, அரை வரி பதிலோடு நிறுத்திக்கொண்டது.

மீதியைப் பார்த்தவர்கள் எழுதினார்கள். 1967 செப்டம்பரில் நியூயார்க்கில் டெவ்ரா லாங்சம், ஷெர்னா காமர்ஃபோர்ட் என்ற இரண்டு பெண்கள் ‘ஸ்பாக்கனேலியா’ என்ற இதழைக் கொண்டுவந்தார்கள். ஸ்டார் டிரெக்குக்கென்றே வந்த முதல் ரசிகர் இதழ் அது. டெவ்ரா லாங்சம் புரூக்ளின் பொது நூலகத்தில் குழந்தைகள் பிரிவு நூலகர். (என் தொழில்காரர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.) கதை, கவிதை, வல்கன்களின் உடற்கூறு பற்றிய கட்டுரை, அவர்கள் மொழி பற்றிய கட்டுரை என்று எல்லாம் அதில் இருந்தன. ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமோய் எழுதிய கடிதம் ஒன்றும் முதல் இதழில் வந்தது.

அந்த இதழ்கள் எப்படி அச்சாயின என்பது உங்களில் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர்களுக்கு விளக்காமலே புரியும். காலாண்டு, அரையாண்டு வினாத்தாள் எடுத்த அதே முறை: சைக்ளோஸ்டைல். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளைத் தட்டச்சுப் பொறியில் ஏற்றி, ரிப்பனை விலக்கிவிட்டு, எழுத்து மெழுகை வெட்டும்படி அழுத்தி அடிக்கவேண்டும். பிழை வந்தால் அந்த இடத்தில் திரவம் தடவி, காயவிட்டு, மறுபடி அடிக்கவேண்டும். பிறகு உருளையில் மாட்டிச் சுற்றினால், வெட்டுப்பட்ட வழியாக மை இறங்கித் தாளில் பதியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஸ்டென்சில். எல்லாவற்றையும் அடுக்கி, பின் அடித்து, உறையில் போட்டு, தபால் தலை ஒட்டி அனுப்பவேண்டும். தாளுக்கும் தபாலுக்கும் ஆன செலவு திரும்பி வந்தால் போதும் என்றுதான் விலை வைத்தார்கள். வேலைக்குப் போய்வந்து, வீட்டு வேலையும் பார்த்துவிட்டு, ராத்திரியில் செய்தார்கள்.

ஸ்பாக்கனேலியா 1970 வரை ஐந்து இதழ்கள் வந்தது. அதற்குள் வேறு பலவும் முளைத்துவிட்டன. ரூத் பெர்மன் 1969-இல் ‘டி-நெகட்டிவ்’ தொடங்கினார். அது ஸ்பாக்கின் ரத்த வகையின் பெயர். அதில் ஜாக்குலின் லிக்டன்பர்க் ‘க்ரெய்த்’ என்றொரு கதைவரிசையைத் தொடங்கிவைக்க, சுமார் ஐம்பது பேர் அதில் சேர்ந்து எழுதினார்கள். ஒருவர் எழுதிய கதைக்கு இன்னொருவர் மறுப்புக் கதை எழுதுவதும், அதற்கு மூன்றாமவர் சமாதானம் சொல்லிக் கதை எழுதுவதும் நடந்தது.

எழுதியவர்கள் யார் என்பதில்தான் என் அக்கறை அதிகம். அதற்கு முன்பும் அறிவியல் புனைகதைக்கு அமெரிக்காவில் ரசிகர் இதழ்கள் இருந்தன. பெரும்பாலும் ஆண்கள் நடத்தியவை, ஆண்கள் எழுதியவை. ஸ்டார் டிரெக் வந்தபின் நிலைமை தலைகீழானது. 1970-களின் தொடக்கத்தில் இந்த ரசிகர் கதைகளை எழுதியவர்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேர் பெண்கள். ஆசிரியைகள், நூலகர்கள், தட்டச்சர்கள், இல்லத்தரசிகள், கல்லூரி மாணவிகள். விண்வெளிக் கதையை யாரும் அவர்களிடம் எழுதித் தரும்படி கேட்டதில்லை. எழுதினால் போடுவதற்கு இதழும் இல்லை. அவர்களே எழுதி, அவர்களே இதழையும் நடத்தி, அவர்களே வாசகர்களையும் தேடிக்கொண்டார்கள்.

தொடர் எடுத்தவர்கள் கோபப்பட்டார்களா? ஜீன் ராடன்பெரி, அந்தத் தொடரை உருவாக்கியவர், தன் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஸ்பாக்கனேலியாவைக் கட்டாயம் படிக்கவேண்டும் என்று வைத்திருப்பதாக அந்தப் பெண்களுக்கே எழுதினார். இரண்டாம் ஆண்டோடு தொடரை நிறுத்திவிடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, பிஜோ டிரிம்பிள் என்ற பெண்ணும் அவர் கணவர் ஜானும் முன்னின்று ஒரு கடித இயக்கம் நடத்தினார்கள். 1967 கடைசியிலிருந்து மூன்று, நான்கு மாதங்களில் என்பிசிக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் குவிந்தன. 1968 மார்ச் 1-ஆம் தேதி, தொடர் தொடரும், தயவுசெய்து கடிதம் போடுவதை நிறுத்துங்கள் என்று அந்த நிறுவனம் ஒளிபரப்பிலேயே அறிவித்தது. தொடர் 1969 வரை ஓடியது, மொத்தம் 79 பகுதிகள். அது நின்ற பிறகு கதைகள் பெருகினவே தவிரக் குறையவில்லை. 1972 ஜனவரியில் நியூயார்க் விடுதி ஒன்றில் ரசிகர்கள் ஒரு மாநாடு கூட்டினார்கள். சில நூறு பேர் வந்தால் அதிகம் என்று நினைத்த இடத்தில் ஆயிரக்கணக்கில் வந்து நின்றார்கள். நான்கு ஆண்டு கழித்து, இந்தக் கையச்சு இதழ்களில் வந்த கதைகளைத் தேர்ந்தெடுத்துப் பாண்டம் என்ற பெரிய பதிப்பகம் ‘ஸ்டார் டிரெக்: புதிய பயணங்கள்’ என்று புத்தகமாகப் போட்டது. நடிகர்கள் அந்தக் கதைகளுக்கு முன்னுரை எழுதினார்கள்.

அந்தக் கூட்டத்திலிருந்து எழுத்தாளர்கள் வந்தார்கள் என்பதை நீங்கள் உங்கள் மாணவிகளிடம் சொல்லவேண்டும். லோயிஸ் மக்மாஸ்டர் புஜோல்ட் 1968-இல், பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்த தோழியோடு சேர்ந்து ‘ஸ்டார்டேட்’ என்ற ரசிகர் இதழை நடத்தியவர். பின்னாளில் சொந்தமாக ஓர் உலகத்தைப் படைத்து நாவல்கள் எழுதினார். அறிவியல் புனைகதை உலகத்தின் பெரிய விருதான ஹியூகோவை, சிறந்த நாவலுக்காக மட்டும் நான்கு முறை பெற்றார். லிக்டன்பர்க் 1974-இல் தன் முதல் நாவலை வெளியிட்டார். பிறகு அவருடைய உலகத்தை வைத்தே வேறு ரசிகர்கள் கதை எழுதத் தொடங்கினார்கள், அவரும் அதை வரவேற்றார். இங்கிலாந்தில் ‘டாக்டர் ஹூ’ தொடர் 1989-இல் நின்றது. அது நின்றிருந்த காலத்தில் அதன் கதையை உயிரோடு வைத்திருந்தவர்கள் ரசிகர்களாக இருந்து எழுத்தாளரானவர்கள்தான். பால் கார்னெல், தான் ஒரு ரசிகர் இதழில் எழுதிய கதையை விரித்து 1991-இல் நாவலாக்கினார். 2005-இல் தொடர் மீண்டும் வந்தபோது அதற்கே கதை எழுதும் குழுவில் இருந்தார்.

இன்னொன்று. ஸ்பாக்கனேலியாவில் டோரதி ஜோன்ஸ் என்ற பெண் வல்கன் மொழிக்குச் சொற்கள் கற்பித்து எழுதினார். அதில் ஒன்று ‘நி வார்’: ஒரே பொருளின் இரண்டு முகங்களை எதிரெதிரே வைத்துப் பாடும் கலை வடிவத்துக்கு அவர் இட்ட பெயர். 2002-இல், அதிகாரபூர்வமான ஸ்டார் டிரெக் தொடர் ஒன்றில் வல்கன் கப்பலுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 2020-இல் வந்த தொடரில் வல்கன் கோளுக்கே ‘நிவார்’ என்று பெயர் மாறியது. சைக்ளோஸ்டைல் தாளில் ஒரு ரசிகை இட்ட பெயர், ஐம்பத்து மூன்று ஆண்டு கழித்து ஸ்பாக் பிறந்த மண்ணின் பெயராயிற்று. அது டோரதி ஜோன்ஸ் இட்ட பெயர் என்று இன்றும் சொல்ல முடிகிறது. இதழில் பெயர் அச்சாகியிருந்ததும், அந்த இதழ்கள் பாதுகாக்கப்பட்டதும்தான் காரணம். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

இதெல்லாம் அமெரிக்காக்காரர் கதை, நமக்கு என்ன என்று தோன்றலாம். நமக்கும் டிவியில் அறிவியல் கதை வந்தது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனில் நாடகமானது. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியை அன்று பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர் தங்கள் கதைக்குள் இழுத்துக்கொண்டார்களோ, அந்த நோட்டுகள் எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போயினவோ! சுஜாதாவே ‘மீண்டும் ஜீனோ’ என்று இரண்டாவது கதை எழுத வேண்டியிருந்தது. ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, அப்புறம் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் துளைத்தெடுத்த கேள்விகளுக்குக் கல்கி ஒரு முடிவுரையே எழுதினார். அவர் மறைவுக்குப் பின் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் அந்த மனிதர்களைத் தொடர்ந்து நடமாட விட்டார். அந்த நாவலை யாரும் காப்பி என்று சொன்னதாகத் தெரியவில்லை.

இன்னும் பின்னால் போவோம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார், ராத்திரியில் கூத்து. உங்களில் பலர் விடிய விடியப் பார்த்திருப்பீர்கள். கர்ண மோட்சம் நடக்கும் இரவில், ஊர் எதற்காகத் தூங்காமல் காத்திருக்கும்? கர்ணன் போருக்குப் போகுமுன் பொன்னுருவியைப் பார்க்க வரும் கட்டத்துக்காக. தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் என்று கணவனை இழித்துப் பேசிய அரசகுமாரி, அவன் பிறப்பின் உண்மை தெரிந்து உடைந்துபோவதும், அதற்குள் கர்ணனுக்கு நேரம் ஆகிவிடுவதும்! வியாச பாரதத்தில் பொன்னுருவி இல்லை. கர்ணனுக்கு வீடு என்று ஒன்று இருந்திருக்குமே, அங்கே அவனை என்ன சொல்லியிருப்பார்கள் என்று இந்த மண்ணில் யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனைக்குப் பிறந்தவள் அவள். ‘பொன்னுருவி மசக்கை’ என்று அவளுக்குத் தனிக் கதைப்பாட்டே உண்டு. அல்லியும் பவளக்கொடியும் அப்படி வந்தவர்கள்தான். அல்லி நாட்டை ஆள்கிறாள், அர்ச்சுனனைப் பாடாய்ப் படுத்துகிறாள். ஸ்பாக்கின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்த அமெரிக்கப் பெண்களுக்கும், கர்ணனின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்த நம் கூத்து வாத்தியார்களுக்கும் கேள்வி ஒன்றாகவே இருந்திருக்கிறது.

தீர்த்தமலைக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகிறோம். ராவணனை வென்று திரும்பிய ராமர் அங்கே சிவபூசை செய்ய நினைத்ததும், காசித் தீர்த்தம் கொண்டுவரப் போன அனுமன் வரத் தாமதமானதும், ராமர் அம்பு விட்டு மலையிலிருந்து நீர் வரவழைத்ததும், பிறகு வந்த அனுமன் தான் கொண்டுவந்த தீர்த்தத்தை எறிந்த இடம் தென்பெண்ணைக் கரையில் அனுமந்தீர்த்தம் ஆனதும் நாமே சொல்கிறோம். வால்மீகி இதைச் சொல்லவில்லை. நம் ஊர் மலைக்கும் நம் ஊர் ஆற்றுக்கும் ராமாயணத்தில் இடம் வேண்டும் என்று ஆசைப்பட்ட அரூர்ப் பக்கத்துக்காரர்கள் சொன்ன கதை. ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டதால் ராமாயணம் ஒன்றும் குறைந்துபோகவில்லை. அருணகிரிநாதர் வந்து பாடும் அளவுக்கு அந்த மலை உயர்ந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஔவை. தகடூர் நம் ஊர், அதியமான் நம் ஆள், அவன் கொடுத்த நெல்லிக்கனியைத் தின்ற பாட்டி நம் பாட்டி. புறநானூற்றில் அவர் தொண்டைமானிடம் தூது போகிறார், அதியமானோடு கள் பகிர்கிறார், அவன் இறந்தபின் நடுகல் முன்னால் நின்று கலங்குகிறார். சங்க ஔவை அவ்வளவுதான். ஆனால் தமிழர்களுக்கு அவரை விட மனமில்லை. சோழர் காலத்தில் ஆத்திசூடி பாட ஓர் ஔவை வந்தார். முருகனிடம் சுட்ட பழம் கேட்ட ஔவை வந்தார். விநாயகரை வழிபட்டு முதுமையை வரமாகப் பெற்ற ஔவை வந்தார். 1953-இல் ஜெமினி எடுத்த ‘ஔவையார்’ படத்தில் கே.பி.சுந்தராம்பாள் ஔவையாக நின்றார். 1965-இல் ‘திருவிளையாடல்’ படத்திலும் அவரே. எழுதியவர் பெயர் தெரியாத எத்தனையோ பேர், ஆயிரம் ஆண்டுக்கு மேலாக, ஒரே பாத்திரத்தை எடுத்து எடுத்து எழுதியிருக்கிறார்கள். அதியமான்கோட்டையில் சிலையாக நிற்கும் பாட்டியைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, இவ்வளவையும் சேர்த்தே காட்டுகிறோம்.

ஆகவே “காப்பி” என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளைப் பார்த்து எழுதுவதும், பிறர் படைத்த பாத்திரத்தைப் புதிய இடத்தில் நிறுத்திப் பார்ப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவது வேலை கடினமானது. படைத்தவரின் பாத்திரம் எப்படிப் பேசும், எதற்குக் கோபப்படும், எதை மறைக்கும் என்று தெரிந்திருந்தால்தான் அதைச் செய்யமுடியும். அதாவது, மூலத்தை நன்றாகப் படித்திருக்கவேண்டும். பாத்திர இயல்பை விளக்குக என்று ஐந்து மதிப்பெண் வினாவில் நாம் கேட்பதும் அதுதானே? ரசிகர் இதழ்களில் வாசகர் கடிதப் பகுதி பெரிதாக இருந்தது. ஸ்பாக் இப்படிப் பேசமாட்டார், இந்த இடத்தில் நீ அவசரப்பட்டுவிட்டாய் என்று முகம் தெரியாத தோழிகள் எழுதுவார்கள். எழுதியவர் அடுத்த கதையில் திருத்திக்கொள்வார். அப்படி ஒரு பயிற்சிக் கூடம் வேறெங்கும் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. பாத்திரமும் உலகமும் கைவசம் இருப்பதால், புதிதாக எழுத வருகிறவருக்குச் சுமை பாதி குறைகிறது. சைக்கிள் பழகும்போது பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடிவருவாரே, அந்த உதவிதான். பழகினபின் அவர் விட்டுவிடுவார். ஓட்டுகிறவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

ஒரு சங்கடத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இதழ்களில் வந்தவை எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியவை அல்ல. எண்டர்பிரைஸ் கப்பலின் தலைவர் கிர்க், ஸ்பாக் என்ற இரு ஆண்களுக்கு இடையிலான காதலை எழுதிய கதைகள் 1974 முதல் அச்சில் வந்தன. அவை பெரியவர்கள் பெரியவர்களுக்காக எழுதியவை. பல இதழ்கள் வயதை எழுதிக் கையெழுத்திட்டால்தான் அனுப்பின. இன்று கைப்பேசியில் அந்தக் காவல் அவ்வளவு இறுக்கமாக இல்லை என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்காகத்தான் பிள்ளைகள் எழுதுவதை நீங்களே வாங்கிப் படிக்கவேண்டும் என்கிறேன். வாங்கிப் படிக்கிற ஆசிரியர் ஒருவர் இருந்தால், அந்தப் பிள்ளை வாசகரைத் தேடி முகம் தெரியாத இடங்களுக்குப் போகவேண்டிய அவசியம் குறையும்.

அடுத்து, சிரிப்பு. 1973-இல் பாலா ஸ்மித் என்பவர் ‘மெனாஜரி’ என்ற இதழில் ஒரு சிறு கேலிக்கதை எழுதினார். மேரி சூ என்ற லெப்டினன்ட், வயது பதினைந்தரை, கடற்படையைப் போன்ற அந்த விண்படையிலேயே இளையவள். எல்லாரும் அவளை விரும்புகிறார்கள், கப்பலை அவளே காப்பாற்றுகிறாள், கடைசியில் எல்லாரும் அழ அழச் செத்துப்போகிறாள். இளம் பெண்கள் தங்களையே கதாநாயகியாக்கி எழுதிக் குவித்த கதைகளைப் பார்த்துச் செய்த பகடி அது. ‘மேரி சூ’ என்பது உலகம் முழுக்க ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. பிறகு வந்த பெண் விமர்சகர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: எல்லா வித்தையும் தெரிந்த, எல்லாப் பெண்களும் விரும்புகிற, சாகவே சாகாத ஆண் நாயகர்களுக்கு ஏன் இப்படி ஒரு வசைச்சொல் இல்லை?

நான் அந்தக் கேள்வியின் பக்கம் நிற்கிறேன். நம் மாவட்டத்தில் நிற்கும் எவரும் அங்கேதான் நிற்கமுடியும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு விகிதம் மிகக் குறைவாக இருந்த மாவட்டம் நம்முடையது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க இன்றும் அதிகாரிகள் மண்டபத்துக்கு ஓடவேண்டியிருக்கிறது. பதினைந்தரை வயதில் இங்கே ஒரு பெண்ணைச் சுற்றி என்னென்ன பேச்சு நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாணவி திடீரென வராமல் போனால் முதலில் பதறுவதும் நீங்கள்தான். அந்த வயதில் பாப்பிரெட்டிப்பட்டியிலோ பென்னாகரத்திலோ ஒருத்தி, தன்னை ஒரு விண்கலத்தின் தலைவியாக வைத்து எட்டுப் பக்கம் எழுதுகிறாள் என்றால், கதையில் தற்பெருமை இருக்கிறதே என்று எனக்குச் சிரிக்கத் தோன்றாது. எட்டுப் பக்கமும் அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதில் பிழை இருக்கும், மிகை இருக்கும், நோபிட்டாவுக்கு அவள் தங்கை ஆகியிருப்பாள். சந்திப்பிழையை அப்புறம் திருத்திக்கொள்ளலாம், அய்யா. முதலில் முழுக்கப் படியுங்கள்.

சட்டம் என்ன சொல்லும் என்று கேட்பீர்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இல் வந்தது, ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு வரை அவர் படைப்புக்குக் காப்பு தருகிறது. நோட்டில் எழுதி வகுப்பில் படிக்கிற பிள்ளையைத் தேடி எவரும் வரப்போவதில்லை. விற்கப் புறப்பட்டால்தான் வில்லங்கம். டோரேமானை வரைந்த புஜிகோ எஃப். புஜியோ 1996-இல், கதைக்கு முடிவு எழுதாமலே காலமானார். 2005-இல் ஜப்பானிய ரசிகர் ஒருவர், நோபிட்டா பெரியவனாகி இயந்திரப் பொறியாளராகி, நின்றுபோன டோரேமானுக்குத் தானே உயிர் கொடுப்பதாக ஒரு கடைசி அத்தியாயம் வரைந்து விற்றார். படித்தவர்கள் கண் கலங்கினார்கள். ஆயிரக்கணக்கில் விற்றது. அப்புறம் பதிப்பகம் எச்சரித்து, அவர் மன்னிப்புக் கேட்டு, லாபத்தில் ஒரு பங்கைக் கட்டினார். இந்தக் கதையை அப்படியே வகுப்பில் சொல்லுங்கள். பிறர் பாத்திரத்தை எடுத்தால் முதல் பக்கத்தில் படைத்தவர் பெயரை எழுதவேண்டும், காசு வாங்கக்கூடாது. இந்த இரண்டையும் ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம்.

புறநானூற்றுப் பாடம் நடத்தும் வாரத்தில் இப்படி ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துப் பாருங்கள். தொண்டைமானின் ஆயுதச் சாலையை ஔவைக்குத் திறந்து காட்டிய காவலன், அவர் பேசியதைக் கேட்டு அன்று இரவு தன் வீட்டில் என்ன சொல்லியிருப்பான்? அதியமானுக்கு நடுகல் நட்ட மறுநாள் ஔவை எந்தப் பக்கம் நடந்தார்? நெல்லிக்கனி அவ்வளவு நாள் உயிரோடு வைத்திருக்கும் என்றால், அந்தப் பாட்டி இன்று தருமபுரி புத்தகத் திருவிழாவுக்கு வந்தால் எந்தக் கடையில் நிற்பார்? தகடூர்ப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ என்ற நூலே முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் உரைகளிலும் சில பாடல்கள் மட்டும் தப்பியிருக்கின்றன. நம் ஊரின் பெரிய கதை பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. விண்கலம் வேண்டும் என்கிற பிள்ளைக்கு, சேரன் படை கோட்டையை வளைத்துக்கொண்ட நாளில் டோரேமானின் எங்கேயும் கதவு தகடூரில் திறக்கட்டுமே!

எழுதினதைச் சேர்த்து ஒரு கையெழுத்து இதழ் போடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் பள்ளிக்கு வருகின்றன. அவற்றைப் பார்த்து எப்படிப் பக்கம் அமைப்பது என்று பிள்ளைகளே கற்றுக்கொள்வார்கள். சைக்ளோஸ்டைல் மை கையில் ஒட்டும் கஷ்டமும் இப்போது இல்லை, தலைமையாசிரியர் அறையில் ஜெராக்ஸ் இருக்கிறது. வாசகர் கடிதத்துக்குக் கடைசியில் நான்கு பக்கம் விட்டுவையுங்கள். மற்ற வகுப்புப் பிள்ளைகள் அதில் எழுதட்டும், நீங்களும் எழுதுங்கள். ஒரு பள்ளியின் இதழை அடுத்த ஊர்ப் பள்ளிக்கு அனுப்பி, அவர்கள் இதழை வாங்குங்கள். பாலக்கோட்டுக் கதைக்குக் காரிமங்கலத்துப் பிள்ளை மறுப்புக் கதை எழுதும் நாள் வந்துவிட்டால், பிறகு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். 2019-இல் ஹியூகோ விருது ஒரு தனி எழுத்தாளருக்கு என்று இல்லாமல், ரசிகர் கதைகளைச் சேர்த்துவைக்கும் ஓர் ஆவணக் காப்பகத்துக்கும் கிடைத்தது. அங்கே எழுதிவரும் லட்சக்கணக்கானவர்கள் அதைத் தங்கள் விருதாகவே கொண்டாடினார்கள். சேர்த்துவைத்ததற்கும் ஒரு விருது உண்டு என்பது நூலகத்தில் வேலை பார்த்த எனக்குத் தனி நிறைவு.

கடைசியாக ஒன்று. பொன்னுருவியை முதலில் கற்பனை செய்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. தீர்த்தமலையில் அனுமனைத் தாமதிக்க வைத்தவர் பெயரும் தெரியாது. ‘நி வார்’ என்று சொல் இட்டவர் பெயர் தெரிகிறது. எனவே இதழின் ஒவ்வொரு கதைக்கும் மேலே, எழுதிய பிள்ளையின் முழுப்பெயர், வகுப்பு, ஊர், தேதி இருக்கட்டும். ஒரு படியைப் பள்ளி நூலகப் பதிவேட்டில் எண் போட்டு ஏற்றுங்கள். இன்னொரு படியை உங்கள் ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். அங்கே இருப்பவர் தயங்கினால், நன்கொடை நூல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களின் கதைகளைப் படித்துவந்த
ஒரு பழைய நூலகப் பணியாளர்,
தருமபுரி